வரி கட்டவிடாமல் செய்தவள்

மந்தைவெளியில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு யாரையும் வரி கட்டவிடாமல் செய்தது நான்தான்.

அந்த வீடு ஜப்தி, ஏலம் என்று வந்து நின்றபோது ஓடியாடி மீட்டதும் நான்தான். இந்த இரண்டாவது விஷயத்தை உறவுக்காரர்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போகிறார்கள். முதல் விஷயம் முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டுமே. இப்போது உங்களுக்கும் சொல்லியாகிவிட்டது.

உங்களிடம் எதற்குச் சொல்கிறேன்? நீங்கள் யாரோ. நாளைக்கே மயிலாப்பூர் மாட வீதியில் எதிரெதிரே வந்தாலும் நம் இருவருக்கும் அடையாளம் தெரியாது. அந்தத் தைரியம்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்த வெற்றியில் இன்னும் கர்வம் இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் முதுகு நிமிர்கிறது. ஒருவேளை அதுதான் இதில் ஆகக் கேவலமான விஷயமோ என்னவோ...

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். முப்பது வருஷமாக அதுதான் பிழைப்பு. வேண்டாம் என்று கதவைச் சாத்த வந்தவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தவள். பேசத் தெரியும். எதை, எப்போது, எவ்வளவு சொன்னால் எதிராளி அசைவார் என்று தெரியும். கடவுள் கொடுத்த வரம் என்று என் கணவர் கேலி செய்வார். அந்த வரத்தை நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

அப்பா உயில் எழுதாமல் போனார். வீடு அவர் பெயரில். வாரிசு நாங்கள் மூன்று பேர். மூத்தவர் சேஷு அண்ணா. கல்யாணமானது முதல் அந்த வீட்டிலேயே அப்பாவோடு இருந்தவர். அடுத்து நான், பத்மா, திருவான்மியூரில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். கடைசி முரளி, புனேயில் வேலை.

அப்பா போன பதிமூன்றாம் நாள், சுபம். சாப்பாடு முடிந்து பந்தி எடுத்தாயிற்று. அண்ணா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "இந்த அரையாண்டு வீட்டு வரி கட்டலை. அப்பா படுத்துண்டதுல விட்டுப் போயிடுத்து. நானே கட்டிடறேன். மத்ததையெல்லாம் மெதுவா உக்காந்து பேசிக்கலாம்."

அதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. அன்றும் எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை.

ஆனால் அதற்குச் சற்று முன்னால்தான் நான் பூஜை அலமாரியைத் திறந்து, அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கையில் எடுத்திருந்தேன். வசந்தா மன்னி, அதாவது அண்ணாவின் மனைவி, பின்னால் வந்து நின்றாள். "அது இருக்கட்டும் பத்மா. அவர் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுண்டு தரேன்" என்றாள்.

அவ்வளவுதான். மன்னி அதைக் கடுமையாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என் அம்மாவின் சிமிழ். நான் பிறந்த வீடு. அதை எடுக்க எனக்கு உத்தரவு வேண்டுமா? வந்தவள் இவள், கேட்க வேண்டியவள் நானா? சிமிழைத் திரும்ப வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தேன். அந்தச் சிரிப்போடுதான் மாடிக்குப் போனேன்.

மாடியில் முரளி டாக்ஸிக்காகக் காத்துக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்: "முரளி, நான் சொன்னேன்னு வெளியில சொல்லாதே. மன்னி அண்ணாகிட்ட சொல்லிண்டிருந்தா, என் காதுல விழுந்தது. வரியை நாமளே கட்டிண்டு வந்தா ரசீதெல்லாம் நம்ம கையில இருக்கும், நாளைக்கு வீடும் நமக்குத்தான்னு."

மன்னி அப்படிச் சொல்லவே இல்லை. ஒரு சொல்லும் இல்லை. நான் அதைப் படியேறும்போது இட்டுக்கட்டினேன். எட்டாவது படியிலோ பத்தாவது படியிலோ அது முழு வாக்கியமாகிவிட்டது.

எவ்வளவு பொருத்தமாக இருந்தது தெரியுமா? இந்த ஊரில் எத்தனை வீட்டில் இதே பேச்சு நடந்திருக்கும். அதனால்தான் முரளி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நேராகக் கீழே போனான். எல்லோர் முன்னிலும் சொன்னான்: "வீட்டு வரியை யாரும் தனியா கட்டக் கூடாது. மீறிக் கட்டினா நான் கோர்ட்டுக்குப் போவேன்."

அண்ணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடா ஆச்சு உனக்கு?"

"மன்னியைக் கேளு. ரசீது கையில இருந்தா வீடு யாருதுன்னு அவதான் சொன்னாளாம்."

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொன்னா என்ன? சொன்னது வாஸ்தவம்."

மன்னி கையில் மோர்ப் பாத்திரத்தோடு நின்றாள். "நான் சொல்லலை" என்றாள். ஒருமுறைதான் சொன்னாள். பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள். நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்? குழந்தைகளின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ரொம்ப மும்முரமாகத் தேடினேன்.

அந்த மன்னிதான் அப்பாவைக் கடைசி இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டவள். படுக்கையை மாற்றி, உடம்பைத் துடைத்து, கஞ்சியை ஸ்பூனில் ஊட்டி... பெற்ற பெண் நான், ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அப்பா அவளை "வசந்தாம்மா" என்றுதான் கூப்பிடுவார். என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. இதையும் சொல்லிவிடுகிறேனே. சிமிழ் மட்டும் காரணமில்லை.

தை பிறந்ததும் அண்ணா வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆதம்பாக்கத்தில் வாடகைக்குப் போனார். "என் ஆம்படையாளைத் திருடின்னு சொன்ன ஆத்து வாசல்ல அவ இனிமே கோலம் போட வேண்டாம்" என்றார். மூன்று பேரிடமும் ஒவ்வொரு சாவி. ஒருவரும் திறக்கவில்லை.

வரியையும் ஒருவரும் கட்டவில்லை. காசில்லாமல் இல்லை. அண்ணாவுக்கு ரோஷம். முரளிக்குச் சந்தேகம். எனக்கோ பயம், நான் கட்டப் போனால் நான் கிளப்பிவிட்ட பேச்சே என் கழுத்துக்கு வரும். கட்டுபவர் வீட்டுக்கு ஆசைப்படுபவர் என்று ஆகிவிட்டதே, யார் கட்டுவார்கள்? இப்படி ஒரு கூத்தை வேறு எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மூன்று வாரிசுகள், மூன்று பேரும் படித்தவர்கள், மூன்று பேரும் ஒருவர் மற்றவரை வரி கட்டாமல் காவல் காத்தோம்.

வருஷங்கள் ஓடின. ஆட்டோவில் கோயிலுக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகப் போகச் சொல்வேன். கேட் துருப்பிடித்துக்கொண்டே வந்தது. வேப்பமரம் மாடிச் சுவரைத் தாண்டிவிட்டது. கேட்டுக்கு உள்ளே காகிதங்கள் விழுந்து மக்கிக் கிடந்தன. வரி பற்றிக் குறுஞ்செய்தி ஏதும் வந்திருந்தால் அது அப்பாவின் எண்ணுக்குப் போயிருக்கும். அந்த எண்ணை நாங்கள் எப்போதோ நிறுத்திவிட்டோம்.

வாய் திறந்து "நான் பொய் சொன்னேன்" என்று சொல்ல எத்தனை சந்தர்ப்பம் வந்தது! கல்யாணங்களில் மன்னியைப் பார்ப்பேன். "சௌக்கியமா பத்மா?" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள். நானும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அப்புறம்தான் ஏழுமலையின் போன் வந்தது. எங்கள் மதில் நிழலில் வெகுகாலமாக இஸ்திரி வண்டி போட்டிருப்பவர். பூட்டிய வீட்டுக்கு அவர்தான் காவல் மாதிரி.

"யக்கா, உன் வூட்டு கேட்ல ஆபீஸ்காரங்க ஏதோ ஒட்டிக்கினு போறாங்க. தெருவே நின்னு படிச்சிக்கினு கீது. இன்னான்னு வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில். அதற்குக் கீழே, இத்தனை காலமாக வரி பாக்கி. கெடுவுக்குள் கட்டாவிட்டால் சொத்து ஜப்தி செய்யப்பட்டு ஏலம் விடப்படும். வாழ்க்கையில் ஒரு கடன் வைத்திராத மனிதர் அவர். எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே போனாள்.

பயந்துதான் போனேன். அது கொஞ்ச நேரம்தான். உடனே என்னுள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. விடக் கூடாது, இந்த வீட்டை விடக் கூடாது என்று. நான் போட்ட முடிச்சு என்ற எண்ணம்கூட அப்போது வரவில்லை. சண்டைக்குக் கிளம்பும்போது வருமே ஒரு குஷி, அதுதான் வந்தது!

மறுநாள் மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண் அதிகாரி. பொறுமையானவர். கணினியில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மூணு வாரிசு இருக்கீங்க. ஒருத்தர்கூடவா கட்டலை? ஏம்மா?"

"ஒருத்தரை ஒருத்தர் நம்பலை மேடம். கட்டறவங்க வீட்டைத் தனக்குன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்."

அவர் சிரிக்கவில்லை. "வரி ரசீதை வச்சுக்கிட்டு வீடு என்னுதுன்னு யாரும் சொல்ல முடியாதும்மா. பத்திரம் வேற, வாரிசு உரிமை வேற. இது கூடத் தெரியாம இருந்தீங்களா? யாரு சொன்னா உங்களுக்கு இப்படி?"

யார் சொன்னார்கள்... நான் மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொத்தைப் பிரித்ததும் இல்லை, திருடியதும் இல்லை. ஒன்றுக்கும் உதவாத ஒரு பொய்யில் இத்தனை வருஷமும் ஒரு குடும்பமும் போயிருக்கிறது.

ஆனால் வந்த காரியத்தை விடுவேனா? பேசினேன். முழுத் தொகையும் ஒரே தவணையில் கட்டுகிறோம், மூன்று பேரும் நேரில் வந்து கட்டுகிறோம், அதே நாளில் மூன்று பேர் பெயருக்கும் மாற்றச் சொல்லி மனுவும் கொடுக்கிறோம், மாதக் கடைசி வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பேசினேன். கெஞ்சவில்லை. பாலிசி விற்பது போல நிதானமாகப் பேசினேன். கடைசியில் அவர் சொன்னார்: "சரி, மாசக் கடைசி. அதுக்கு மேல என் கையில இல்லை." வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது எனக்கு ஆடவேண்டும் போலிருந்தது.

முரளியை வளைப்பது சுலபமாகவே இருந்தது. "மூணு பேர் பேரும் போடறதா இருந்தா நான் ரெடிக்கா. எனக்கும் போதும் போதும்னு ஆயிடுத்து" என்றான். பாவம், அவனும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அண்ணாதான் மலை. போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றே சொன்னார்: "பணம் இருக்கு. கையெழுத்தும் போடுவேன். வசந்தா போடச் சொன்னா போடறேன். அவமானப்பட்டவ அவ. அவகிட்டப் பேசு."

இதை எதிர்பார்க்கவில்லை.

ஆதம்பாக்கம் போனேன். ரேழி போல நீளமான சின்ன பிளாட். அண்ணா வேண்டுமென்றே வெளியே போயிருந்தார். மன்னி சமையலறையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்துச் சுவரில் அப்பாவின் படம், சந்தனப் பொட்டு, அன்று காலை வைத்த நந்தியாவட்டை. எங்கள் மூன்று பேர் வீட்டிலும் அப்பாவுக்குத் தினம் பூ வைத்தது அவள் ஒருத்திதான்.

நான் தயார் செய்துகொண்டு போயிருந்ததையெல்லாம் சொன்னேன். ஏலம், தெருவில் மானம் போவது, அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு, பேரன் பேத்திகள். மன்னி குறுக்கே பேசாமல் கேட்டாள். காயை நறுக்கி முடித்தாள்.

"அவர்கிட்ட போடச் சொல்றேன் பத்மா. வீடு போறதுல எனக்கு என்ன சந்தோஷம்? ஆனா ஒண்ணு தெரிஞ்சாகணும். நான் அப்படிச் சொன்னேன்னு யாரு சொன்னா?"

"இப்ப எதுக்கு மன்னி அதெல்லாம்..."

"எனக்கு வேணும். சொல்லாததைச் சொன்னேன்னு ஒருத்தர் சொல்லியிருக்கா. அது யாருன்னு தெரியாம ஒவ்வொருத்தர் மூஞ்சியா பார்த்துண்டு இத்தனை நாள் இருந்துட்டேன். அது தெரிஞ்சா போதும். சண்டை போட மாட்டேன்."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்கு முன்னால் கதவு திறந்திருந்தது. "நான்" என்று ஒரே சொல். சொல்லியிருந்தால் அவள் கத்தியிருக்க மாட்டாள். ஒருவேளை கையெழுத்தும் கிடைத்திருக்கும். அவள் அப்படிப்பட்டவள். எனக்கு அது தெரியும். தெரிந்தும்...

"நான்தான் முரளிகிட்ட சொன்னேன் மன்னி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வாய் தானாகவே மேலே பேசிற்று.

"ஆனா எனக்குச் சொன்னது அப்பா. கடைசி ஞாயித்துக்கிழமை, நீங்க கடைக்குப் போயிருந்தேளே, அப்போ. வசந்தா இப்படிச் சொல்றா, பார்த்துக்கோன்னார். நினைவு தப்பித் தப்பி வந்துண்டிருந்தது அவருக்கு. நான்தான் அதைப் பெரிசா எடுத்துண்டுட்டேன். என்னை மன்னிச்சுடுங்கோ."

கேட்டீர்களா? இறந்துபோன மனிதர். என்னைப் பெற்றவர். சுவரில் பூவோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முன்னாலேயே அவர் தலையில் போட்டேன். எவ்வளவு கச்சிதம் பாருங்கள்! பாதி உண்மையை முன்னால் வைத்தேன், பொய்யை அதன் பின்னால் நிறுத்தினேன், கடைசியில் மன்னிப்பும் கேட்டேன். முப்பது வருஷ அனுபவம்.

"அப்பாவா?" என்றாள் மன்னி.

நான் தலையாட்டினேன். அவள் கூடத்தின் பக்கம் திரும்பவில்லை. கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பாலை அடுப்பில் ஏற்றினாள். "காபி சாப்ட்டுட்டுப் போ" என்றாள். காபி எப்போதும்போல நன்றாகத்தான் இருந்தது. நான் குடித்தேன்.

மாதம் முடிய இருந்த அந்த நாளைப் பற்றி நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா? முரளி காலை விமானத்தில் வந்தான். அண்ணா வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். மண்டல அலுவலகத்து வாசலில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "என்னடா, இவ்வளவு நரைச்சுடுத்து" என்றார் அண்ணா. "உனக்கு மட்டும் என்னண்ணா, நரைக்கறதுக்கே ஒண்ணும் இல்லை" என்றான் முரளி. இரண்டு கிழவர்களும் நடைபாதையில் நின்று சிரித்த சிரிப்பில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று பேரும் ஒன்றாகப் போய்க் கட்டினோம். மூன்று பேரும் மனுவில் கையெழுத்துப் போட்டோம். அண்ணாவின் பேனா எழுதவில்லை. முரளி தன் பேனாவைத் திறந்து கொடுத்தான். அந்தப் பெண் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாம்" என்றார். பெயர் மாறக் கொஞ்ச நாள் ஆகும் என்பதால் ரசீது அப்பாவின் பெயரிலேயே வந்தது. அண்ணா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

லஸ்ஸில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து மூன்று பேரும் சாம்பார் வடை சாப்பிட்டோம். முரளி என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "அக்கா இல்லேன்னா இன்னிக்கு ஏலக்காரன் வீடு" என்றான். அண்ணா தன் இலையில் இருந்த இன்னொரு வடையை என் இலைக்கு மாற்றினார். சின்ன வயசில் நான் பரீட்சையில் ஜெயித்தால் அப்படித்தான் செய்வார். அந்த நிமிஷம் நான் நிஜமாகவே மகாராணி.

சாப்பிட்டுவிட்டு நேராக மந்தைவெளி. அலுவலகத்து ஆள் வந்து நோட்டீஸைக் கிழித்துவிட்டுப் போயிருந்தார். பசை மட்டும் கேட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தேங்காய் நாரும் தண்ணீருமாக நானே தேய்த்தேன்.

ஏழுமலை இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வந்தார். "இன்னாக்கா, நீயே தேச்சிக்கினு கீற? குடு, நான் தேய்க்கிறேன்."

"வேண்டாம் ஏழுமலை. இது நான்தான் தேய்க்கணும்."

"சும்மா சொல்லக் கூடாதுக்கா. ஆம்பள ரெண்டு பேர் இருந்தாலும் நீதான் வூட்ட மீட்ட. உன் நைனா மேல இருந்து பார்த்துக்கினு இருப்பாரு."

பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கேட்டில் பசை போய்விட்டது. கொஞ்சம் துருவும் போயிற்று.

வீட்டைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, குழாயைச் சரிசெய்து, ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சினோம். அண்ணாவும் மன்னியும் அங்கேயே திரும்பி வந்துவிடுவது என்று முடிவாயிற்று. முரளி ஓய்வு பெற்றபின் மாடிக்கு வருவான். என் பங்கும் அப்படியே இருக்கிறது. விற்கும் பேச்சே இல்லை. வாசலில் மன்னியின் கோலம், செம்மண் கரையோடு. எதிர்வீட்டு அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை பெண்கள், சித்தப்பா பிள்ளைகள், எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருவரும் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள். நானும் சொன்னேன். அதிகாரி கேட்டதையும் நான் பதில் சொன்னதையும் நடித்தே காட்டினேன். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன், மனசு நிறைந்து சிரித்தேன். அதில் பொய் இல்லை.

பால் பொங்கியபோது மன்னி அம்மாவின் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "இது உன்னோடது. அன்னிக்கே கொடுத்திருக்கணும். நடுவுல அந்த வம்புல சிக்கிண்டு மறந்தே போயிட்டேன்" என்றாள். நான் குங்குமம் இட்டுக்கொண்டேன்.

பிறகுதான் கவனித்தேன். கூடத்தில் அம்மாவின் படம் மாட்டியிருந்தது. தாத்தா படம் இருந்தது. சுவாமி படங்கள் வரிசையாக இருந்தன. அம்மாவுக்குப் பக்கத்தில் ஆணி மட்டும் இருந்தது.

அண்ணாவிடம் கேட்டேன். "வசந்தா எங்கேயோ எடுத்து வெச்சிருக்கா. அப்பாவைப் பத்திப் பேச்செடுத்தாலே எழுந்து போயிடறா. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. நீயாவது கேளு பத்மா" என்றார். அண்ணா முகத்தில் நிஜமான குழப்பம். மன்னி அவரிடம்கூடச் சொல்லவில்லை. தகப்பனாரைப் பற்றிப் பிள்ளையிடம் என்ன சொல்வது என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

எல்லோரும் கிளம்பினார்கள். நானும் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு நின்றேன். மன்னி உள்ளிருந்து வந்தாள். கையில் பழைய எட்டு முழ வேட்டியில் சுற்றிய ஒரு பெரிய சதுரம். எனக்கு அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"இதை நீ எடுத்துண்டு போ பத்மா."

"எதுக்கு மன்னி? இங்கேதானே இருக்கணும்..."

"என்னால இனிமே பூ வைக்க முடியலை. வைக்காம சுவத்துல வெச்சிண்டிருக்கறதும் தப்பு." குரலில் கோபம் இல்லை. "நான் அவருக்கு அவ்வளவு செஞ்சேன். அவர் என்னைப் பத்தி அப்படி நினைச்சிண்டேதான் கண்ணை மூடியிருக்கார். பரவாயில்லை. உன்கிட்டதானே கடைசியா மனசு விட்டுப் பேசினார். உன் ஆத்துலயே இருக்கட்டும்."

இன்னொரு கதவு. இதைவிட அகலமாக ஒரு கதவு யாருக்குத் திறக்கும்? கேட்டருகில் நாங்கள் இருவர் மட்டும். ஆட்டோக்காரர்கூட வண்டியைத் திருப்பப் போயிருந்தார். சொல்லியிருக்கலாம். அப்போதே, அந்த வாசலிலேயே...

உள்ளேயிருந்து அண்ணாவும் முரளியும் ஏதோ பழைய கதையைச் சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் கழித்து அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. நான் மீட்டுக் கொடுத்த சிரிப்பு. அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அடையாறு பாலத்தின் மேல் ஆட்டோ போகும்போது காற்று வேட்டியின் ஒரு முனையை விலக்கிவிட்டது. அப்பாவின் ஒரு கண்ணும் கொஞ்சம் நெற்றியும் தெரிந்தது. நான் திரும்ப மூடவில்லை. திருவான்மியூர் வரும்வரை மடியில் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தேன். அந்தக் காலத்துத் தேக்குச் சட்டம், கனம் அதிகம்.

இப்போது அது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. தினமும் காலையில் நான் பூ வைக்கிறேன். என் கணவர், "உனக்கு இப்பத்தான் அப்பா மேல பக்தி வந்திருக்கு" என்று கேலி செய்கிறார். முரளியும் மன்னியும் என்றாவது ஒருநாள் உட்கார்ந்து அந்தப் பழைய பேச்சை எடுத்தால், அவனிடம் நான் சொன்னது ஒன்று, அவளிடம் சொன்னது ஒன்று என்று தெரிந்துவிடும். அந்தப் பயம் இருக்கிறது. தெரிந்துவிட்டால் தேவலை என்றும் சில நாள் தோன்றுகிறது. நானாகச் சொல்வேனா? தெரியவில்லை. இவ்வளவு எழுதியும் தெரியவில்லை.

நேற்று அண்ணா போன் செய்தார். அடுத்த அரையாண்டு வரி கட்டியாகிவிட்டதாம். மூன்று பேர் பெயரும் அச்சாகி வந்திருக்கிறதாம். என் பெயரை அவர் எனக்கே வாசித்துக் காட்டினார். "எல்லாம் உன்னாலதான் பத்மா" என்றார்.

"ஆமாம் அண்ணா" என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், எதிரே சுவரில் அப்பா.